கூரைமேல் ஓட்டைக் காலணா

புதுப்பைசா வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். பழவேற்காட்டில் கிளம்பி, பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற வண்டி. காலையில் போக ஒரு நடை, சாயங்காலம் திரும்ப ஒரு நடை. நடுவில் கும்மிடிப்பூண்டியில் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் சும்மா நிற்கும். டிரைவர் பின்சீட்டில் படுத்துத் தூங்குவார். எனக்குப் பகலில் தூக்கம் வராது. அந்த மூன்று மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது.

வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பாய் எங்கள் வண்டியில் வருவார். பழவேற்காட்டுக்காரர். கைலி மூட்டையோடு ஏறி, வழியெல்லாம் கடைகளுக்குப் போட்டுவிட்டுத் திரும்புவார். அவருக்கும் என் வயதுதான், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. ஒருநாள் அவருக்கு மீதி அரையணா தரவேண்டியிருந்தது. இரண்டு ஓட்டைக் காலணாக்களைக் கையில் வைத்தேன். சண்டைக் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் பெரிய ஓட்டை போட்டு சர்க்கார் அடித்துவிட்ட காசு அது. பாய் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம் கண்டக்டரே. வேற குடுங்க."

"ஏன் பாய், செல்லாதா?"

"செல்லும். என்கிட்ட இது இருக்குது."

பணம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகப் பணத்தை வேண்டாம் என்று சொன்ன மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் வண்டி நின்றதும் அவரை மடக்கிக் கேட்டேன். பாய் மடக்குக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். துணியில் நூல் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப்பார்க்க ஜவுளிக்காரர்கள் வைத்திருக்கிற சின்னப் பூதக்கண்ணாடி. அதைக் காலணாவின் மேல் வைத்து, என் தலையைப் பிடித்துக் குனியவைத்தார்.

"மேல கிரீடம் தெரியுதா? இதுல சப்பையா இருக்குது. இதோ இன்னொண்ணு, இதுல குவிஞ்சி இருக்குது. இப்ப கீழ வாங்க. வருஷத்துக்கு அடில இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்லியே."

"இதுல?"

"புள்ளி மாதிரி..."

"அதான். அது பம்பாய்ல அடிச்சது. சிலதுல சீட்டுக்கட்டு டைமன் இருக்கும். ஒண்ணுமே இல்லாததும் உண்டு."

தினம் நூறு காலணாவாவது என் கைவழியே போய்க்கொண்டிருந்தது. பத்து வருஷமாக அதே காசுதான். அதற்குள் இத்தனை சங்கதி இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு விரல் என்று பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன்.

அன்று மத்தியானமே தோல் பையை பஸ் சீட்டில் கொட்டி உட்கார்ந்தேன். சப்பைக் கிரீடம், குவிந்த கிரீடம், புள்ளி, டைமன். பிடித்ததை எடுத்துக்கொண்டு என் சொந்தக் காலணாவைப் பையில் போட்டுவிடுவேன். சாயங்கால நடை கிளம்புவதற்குள் எட்டு தேறியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. இதை வீட்டில் சொல்லித் தொலைத்து, இரண்டு நாள் எனக்கு வெறும் ரசம் சாதம்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு வேலை கெட ஆரம்பித்தது. டிக்கெட்டுக்குக் காசு வாங்கினால் உடனே பையில் போட மனசு வராது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஓட்டை வழியே எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் மூக்கு தெரியும். ஒரு அம்மா கோபித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"இன்னாத்துக்கு என் காசை மட்டும் இப்படிப் பாக்கற? நான் இன்னா கள்ளக் காசா அடிச்சிக்கினு வந்தேன்?"

"இல்லம்மா, கிரீடம் பாக்கறேன்."

"கிரீடம் பாக்கற மூஞ்சியப் பாரு."

டிரைவர் முன்னாலிருந்தே குரல் கொடுப்பார். ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள். யாரைக் கூப்பிட்டாலும் நைனாதான், காசு என்றால் டப்புதான். "நைனா, நீ டப்பையே பாத்துக்கினு இரு. நான் வண்டிய ஏரில எறக்கிடறேன்."

ஒரு முகூர்த்த நாளில் சீர்வரிசைக் கூட்டம் ஒன்று வண்டி நிறைய ஏறியது. பதினோரு தாம்பாளம், ஒரு வாழைத்தார், ஒரு குத்துவிளக்கு. நான் கூட்டத்தில் ஒருவர் கொடுத்த காசில் குவிந்த கிரீடமும் டைமனும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். விசில் ஊத மறந்துபோனது. அவர்கள் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டி அடுத்த ஊரில் வண்டி நின்றது. அந்த ஊரிலும் ஒரு கல்யாணம், பந்தல், மேளம். கூட்டம் இறங்கித் தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு நேரே பந்தலுக்குள் போய்விட்டது. அங்கே சந்தனம் கொடுத்து, காப்பி கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். இரண்டாவது காப்பி வந்தபோதுதான் யாரோ மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது அவர்களில் நாலு பேர் சாலையில் எனக்காகக் காத்திருந்தார்கள். டிரைவர் நிறுத்தாமல் ஓட்டி என்னைக் காப்பாற்றினார். அதற்காக ஒரு வாரம் அவருக்குப் பீடி வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் பாயிடம் இருந்ததெல்லாம் என்னிடமும் சேர்ந்துவிட்டது. அவர் ஒரு தினுசைக் காட்டினால் மறுநாள் நானும் அதைக் காட்டுவேன். காட்டும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் உழைத்தேன். இரண்டு பேரிடமும் இல்லாதது ஒன்றுதான். லாகூரில் அடித்தது. வருஷத்துக்குக் கீழே இங்கிலீஷ் எல் எழுத்து, கடுகு அளவுக்கு இருக்குமாம்.

"அந்த ஊரே இப்ப நம்ம நாட்டுல இல்ல. நம்ம பக்கம் அந்தக் காசு வந்து சேர்றது கஷ்டம்" என்று பாய் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு வேகம் இருந்தது. எனக்கு முன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்ற வேகம். எனக்கும் அதேதான்.

மழைக்காலம் முடிந்த சமயம், கவரைப்பேட்டை தாண்டி வண்டி சூடாகி நின்றது. ரோட்டோரம் ஒரு நெல்லு மிஷின். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவர வாளியோடு அங்கே போனேன். முகம் கழுவ வேண்டும் என்று பாயும் கூடவே வந்தார். கிணற்றடியில் ஒரு தகரம் சாய்த்து வைத்திருந்தது. புயலில் கூரையிலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்தது என்று தண்ணீர் இறைத்த ஆள் சொன்னான். தகரத்தில் ஆணிகள் அப்படியே இருந்தன. ஆணிக்கும் தகரத்துக்கும் நடுவே, வாஷர் இருக்கவேண்டிய இடத்தில், தார் பூசிய ஓட்டைக் காலணாக்கள்.

"கூரை பூரா இதான்" என்றான் அந்த ஆள். "அப்ப வாஷர் கெடைக்கல. மொதலாளி புதுக் காலணாவா ஒரு பை கொண்டாந்து அடிச்சிட்டாரு."

நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். நாற்பது தகரமாவது இருக்கும். பாய் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

"வெயில் ஜாஸ்தியா இருக்குது பாய்" என்றேன்.

"ஆமாமா, ஜாஸ்திதான்" என்றார். கும்மிடிப்பூண்டி போகிறவரை இருவரும் வெயிலைப் பற்றியே பேசினோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எனக்கு லீவு. அந்த ஞாயிறு காலை, துவைத்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். என்னிடம் கிழியாத சட்டை அது ஒன்றுதான். மிஷின் ஓடவில்லை, ஆள் நடமாட்டம் இல்லை. பின்பக்கம் ஏணி தயாராகச் சாத்தியிருந்தது. நல்ல காலம் என்று ஏறினேன். கூரை விளிம்பில் தலையை நீட்டியபோது, உச்சியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணில் பூதக்கண்ணாடியோடு பாய் உட்கார்ந்திருந்தார்.

பாய் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"இங்க இன்னா பண்றீங்க பாய்?"

"காத்து வாங்கறேன். நீங்க?"

"நானும் காத்துக்குதான் வந்தேன்."

"வாங்க. இந்தப் பக்கம் நல்லா வருது."

தகரம் சுட்டது. துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு காசின் மேலும் தார் அப்பளம் கனத்துக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் நகம் போயிற்று, தார் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் நான் மூன்று காசுகூடப் படித்து முடிக்கவில்லை. மூன்றும் புள்ளி. அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து குரல் வந்தது.

"சார், மெதுவா எறங்குங்கோ. நான் ஏணியப் புடிச்சிக்கினுதான் இருக்கறேன்."

மிஷின் முதலாளி. ஐம்பது வயசு இருக்கும், அந்தப் பக்கத்தில் நஞ்சை வைத்திருக்கிற பெரிய குடித்தனக்காரர். அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவரோ ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இறங்கியதும் இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"தப்புதான் சார். சண்டை டைம்ல வாஷர் கெடைக்கல. கெடைச்சாலும் ஒண்ணு ஓரணா சொன்னான். இது காலணாதான. ஆனா ஒண்ணு சார், நல்லா பாத்துக்கோங்கோ. ஓட்டை போட்டது கெவுர்மெண்டு. நான் ஆணி மட்டும்தான் அடிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பார்வை என் காக்கிச் சட்டைமேல் இருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தகரம் விழுந்ததிலிருந்து யாரோ அவரிடம், சர்க்கார் காசில் ஆணி அடித்தால் கேஸ் ஆகும் என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பயந்துகொண்டே இருந்த மனிதர், காக்கிச் சட்டையும் பூதக்கண்ணாடியும் தன் கூரைமேல் ஏறியதைப் பார்த்திருக்கிறார்.

"நாங்க அதுக்கு வரலீங்க" என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல நாஷ்டா துன்னுங்கோ சார். மத்ததெல்லாம் அப்புறம்."

வீட்டுக்குக் கூட்டிப் போய் இலை போட்டார். இட்லியும் கோழிக் குழம்பும். காலையிலிருந்து வெறும் வயிறு. நான் வெட்கத்தைவிட்டுச் சாப்பிட்டேன். பாய் கோழியைத் தொடவில்லை. ஹலாலா என்று வந்த இடத்தில் கேட்பதற்குக் கூச்சப்பட்டு, கொஞ்சம் சர்க்கரை மட்டும் கேட்டு வாங்கி, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்து முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. கை நனைக்காத ஆபீசர் வந்து மாட்டிக்கொண்டார் என்று நினைத்திருக்கிறார். எனக்கு மூன்றாவது தடவை குழம்பு ஊற்றும்போது என் காதோரம் குனிந்து கேட்டார்.

"பெரியவரு ரொம்ப கண்டிசனோ?"

நான் சின்னவர் என்று முடிவாகிவிட்டிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

கையைக் கழுவிவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டோம். "நாங்க ஆபீசர் இல்லீங்க. நான் பஸ் கண்டக்டர். இவரு கைலி யாவாரம். ஓட்டைக் காலணால தினுசு தினுசா இருக்குதுங்க, அதைப் பாக்கத்தான் ஏறினோம்."

முதலாளி சிரித்தார். "தெரியும் சார். இப்டிதான் வேஷம் மாத்திக்கினு வருவாங்கோன்னு சொன்னாங்கோ."

"இல்லீங்க, நெஜமா. எல் எழுத்து ஒண்ணு..."

"ரெண்டு பேரு காலணா பாக்கறதுக்குக் கூரை ஏறினாங்கன்னு சொன்னா எவன் சார் நம்புவான்?" என்றார்.

வியாழக்கிழமை காலை நடையில், மிஷின் எதிரே இரண்டு ஆட்கள் குறுக்கே நின்று பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் படியில் வைத்தார்கள். கூரை முழுக்க வாஷர் மாற்றியாகிவிட்டதாம். ஒன்று பாக்கியில்லாமல் பிடுங்கின காலணா எல்லாம் டின்னில் இருக்கிறதாம்.

"சர்க்கார் சொத்தை ஆபீசர் கிட்டயே ஒப்படைக்கச் சொன்னாரு" என்று வண்டிக்கே கேட்கிற மாதிரி சொல்லி, எனக்கு சலாம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வண்டியில் இருந்தவர்கள் டின்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். என்னை ரகசியப் போலீஸ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அன்று முதல் ஒரு மாதம் எங்கள் பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் யாரும் வந்ததில்லை. தூங்குகிற மாதிரி நடிப்பவர்கள்கூட எழுந்து காசை நீட்டினார்கள். மூன்று வயசுக் குழந்தைக்கு அரை டிக்கெட் கேட்டு வாங்கினார் ஒருவர். டிரைவரே இரண்டு நாள் என்னை நைனா என்று கூப்பிடாமல் சார் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ் ரிப்பேருக்குப் போயிருந்தது. டின்னோடு பழவேற்காட்டில் பாய் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் ஆட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, துணியில் துடைத்து, பாய் கண்ணாடியில் பார்ப்பார். "புள்ளி" என்பார். நான் அடுத்ததைக் கொடுப்பேன். "புள்ளி." அடுத்தது. "புள்ளி." அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதலாளி கொண்டுவந்தது ஒரே பை. ஒரே ஊரில், ஒரே வாரத்தில் அடித்து, கட்டுப் பிரிக்காமல் வந்த பை. அதுவரை பார்த்த முந்நூற்றுக்கு மேற்பட்ட காசும் ஒன்றை உரித்து இன்னொன்று வைத்தாற்போல இருந்தன.

பாயின் சம்சாரம் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். "கெடைச்சிதா?"

"இன்னும் இல்ல."

"எல்லாம் ஒண்ணுபோல இருக்குதுன்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. தொழுகைக்கு நேரமாவுது. சோத்துல மண்ணெண்ணெய் வாசன வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசிப் பத்துப் பதினைந்து இருக்கும்போது ஒன்றைத் தேய்த்தேன். கிரீடத்தின் அமைப்பே வேறாக இருந்தது. கை நின்றது. பாய் என் கையைப் பார்த்தார். கண்ணாடியை வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். வருஷத்துக்குக் கீழே கடுகு அளவுக்கு ஒரு எல்.

சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடப்பார்த்தது. இரண்டாவது நிமிஷம், அது யாருடையது என்ற பேச்சு வந்தது.

"நான்தான் தேச்சேன்" என்றேன்.

"மண்ணெண்ணெய் என்னுது" என்றார் பாய். "கூரைலயும் நான்தான் மொதல்ல ஏறினேன்."

"டின்னு என் பஸ்ல வந்திச்சி."

கடைசியில் அதை ஒரு துணியில் முடிந்து, யாரும் தொடக்கூடாது என்று அவர் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு, நான் கோபத்தோடு கிளம்பினேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் பேச்சு இல்லை. பஸ்ஸில் ஏறினால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காசை நீட்டுவார். நானும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாங்குவேன். ஒருநாள் இப்படி இருவரும் பார்க்காமல் நீட்டி வாங்கியதில், நடுவே உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கில் என் விரல் இடித்தது.

அந்தச் சமயத்தில் மிஷின் முதலாளி தன் சம்சாரத்தோடு எங்கள் வண்டியில் ஏறினார். பொன்னேரிக்கு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார், தோல் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்நேரம் பார்த்து டிரைவர், "நைனா, படில தொங்கறவங்கள உள்ள தள்ளு, சோம்பேறி" என்று கத்தினார்.

"நெஜமாவே கண்டக்டரா?" என்றார் முதலாளி.

"அன்னிக்கே சொன்னனுங்க."

வெகுநேரம் யோசித்தார். "அப்ப அந்தக் கோழி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காசெல்லாம் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கே டின்னைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதில் ஒரே ஒரு காசுதான் வேறு மாதிரி என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"கடைசி ஆணிக்கு ஒண்ணு கொறைஞ்சிது. கூரை போட்ட ஆசாரி தன் மடிலேர்ந்து எடுத்துக் குடுத்தான். நாலு வருஷம் அந்தக் காலணாவைக் கேட்டு என் உயிர எடுத்தான்." பிறகு கையை விசிறினார். "அத நீயே வெச்சிக்கோ போ. கோழியே போச்சி, காலணா போனா இன்னா."

முன்சீட்டில் இருந்த பாய் திரும்பினார். "நீயே வெச்சிக்கோன்னா, யாரைச் சொல்றீங்க?"

இரண்டு வாரத்து மௌனம் அங்கே உடைந்தது. நான் பேச, அவர் பேச, முதலாளி எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்க்க, டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டார். பயணிகள் கூச்சல் போட்டார்கள். அவர் அசையவில்லை. திரும்பி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஆறு மாசம் பாய் ஊட்ல இருக்கட்டும். ஆறு மாசம் இவன் ஊட்ல இருக்கட்டும். ஒத்துக்கினா வண்டி போவும். இல்லன்னா எல்லாரும் நடங்கோ."

பயணிகள் எல்லாரும் சேர்ந்து எங்களை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். முதலாளியின் சம்சாரம்தான் யாருக்கு முதலில் என்று முடிவு செய்தார். கோழி சாப்பிடாதவருக்கு முதலில் போகட்டும் என்றார்.

ஆறு மாதம் கழித்து, சொன்ன நாளில், பாய் வண்டியில் ஏறினார். கைலி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுமேல் அந்தக் காலணா. கூடவே அவர் சம்சாரம் கொடுத்தனுப்பிய ஒரு பொட்டலம் அல்வா.

"பொண்ணை அனுப்பறாங்க, சீரோட" என்றார் டிரைவர்.

நான் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, பாயிடமே கண்ணாடியைக் கேட்டு வாங்கி, எல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"நம்பிக்கை இல்லியா?" என்றார்.

"இருக்குது பாய். இருந்தாலும் ஒருதபா பாத்துக்கறேன்" என்றேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தள்ளி உட்கார்ந்து எனக்கு வெளிச்சம் விட்டார். எனக்குப் பின்னால் ஒருவர் டிக்கெட்டுக்காக நீட்டிய கை வெகுநேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.